மச்சானுடைய துவக்கும் சீமைச் சாமானும்

துவக்குத் திருத்துகிறவனுடைய கடைக்கு யாரும் நல்ல துவக்கோடு வருவதில்லை, நல்ல முகத்தோடும் வருவதில்லை. ஒன்று, குறி தப்பியிருக்கும். இல்லாவிட்டால் வெடிக்க வேண்டிய நேரத்தில் வெடிக்காமல் இருந்திருக்கும். இரண்டுக்கும் குற்றவாளி நான்தான்.

கண்டியில் கைத்தொழில்காரனைப் பாஸ் என்பார்கள். நான் துவக்கு பாஸ், துப்பாக்கி திருத்துகிறவன். கடை டவுனில், வீடு அலவத்துகொடையில். மலையெல்லாம் கோப்பி, கோப்பித் தோட்டமெல்லாம் துரைமார், துரைமார் கையிலெல்லாம் துவக்கு. ஆகவே இந்தத் தொழிலில் பட்டினி கிடக்க வழியில்லை, ஏச்சுக் கேட்காமல் இருக்கவும் வழியில்லை. கடிகாரம் திருத்துகிறவர்களே, குடைக்கம்பி மாற்றுகிறவர்களே, கோப்பி உரிக்கிற மெசினோடு மல்லுக்கட்டுகிறவர்களே, "பழசைப் புதுசாக்கித் தாறன்" என்று ஒரு தடவையாவது வாய்விட்டு மாட்டிக்கொண்ட எல்லாரும் என் கூட்டாளிகள். உங்களுக்காகத்தான் இதைச் சொல்கிறேன். மற்றவர்கள் சிரித்துவிட்டுப் போகட்டும்.

கயிறும் பல்லும்

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், பிறகு வேறு யாரோ சொல்லி நீங்கள் கேட்கக் கூடாது. எனக்கு வெடிச் சத்தம் என்றால் பயம். சின்னப் பயம் இல்லை, நல்ல பெரிய பயம். மீன்காரனுக்கு மீன் வாடை ஆகாது என்று சொன்னால் எப்படியோ, அப்படித்தான் இதுவும். என்ன செய்ய, தொழிலைப் பழகின பிறகுதான் எனக்கே தெரிந்தது.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. திருத்தின துவக்கின் முதல் வெடியைத் திருத்தின பாஸே தன் தோளில் வைத்துச் சுட்டுக் காட்ட வேண்டும். பிழை இருந்தால் முதலில் போவது பாஸுடைய மூக்கு என்பதால் வாடிக்கைக்காரர்களுக்கு இந்த வழக்கத்தில் நல்ல பிரியம். நான் ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தேன். கடைக்குப் பின்னால் நிற்கிற பலா மரத்தில் துவக்கைச் சேர்த்துக் கட்டிவிடுவேன். விசையில் ஒரு நீளக் கயிறு. சுவருக்கு இந்தப் பக்கம் குந்திக்கொண்டு, பிஸ்மி சொல்லி, இரண்டு கையாலும் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு, கயிற்றைப் பல்லால் இழுப்பேன்.

ஒரு நாள் ஊர்த் தலைவரான ஆராச்சி ஒருவர், தன் துவக்கை வாங்க வந்தவர், கடையில் என்னைக் காணாமல் பின்பக்கம் வந்துவிட்டார். கயிறு என் பல்லில் இருந்த நேரம். மனுசன் மரத்தைப் பார்த்தார், கயிற்றைப் பார்த்தார், என் வாயைப் பார்த்தார். பிறகு ரொம்ப மரியாதையாகக் கேட்டார்:

"பாஸுன்னே, காட்டுப் பண்டி வாற நேரம் நானும் பலா மரத்தைத் தூக்கிட்டா போறது?"

கருப்பட்டி இல்லாத கோப்பி

என் மனைவி ஜெமீலாவுக்கு ஒரே தம்பி, காசிம். உம்மாவும் வாப்பாவும் மௌத்தான பிறகு அவனைச் சோறு ஊட்டி வளர்த்தது அவள்தான். அவன் கரத்தைக்காரன், வண்டி ஓட்டுகிறவன். ஹேவாஹெட்டப் பக்கத்துத் தோட்டங்களில் கோப்பி மூட்டை ஏற்றி, மாட்டுக் கரத்தையில் கண்டிக்குக் கொண்டு வருவான். வழியில் கரத்தைக்காரர்கள் மாடு அவிழ்த்துத் தங்குகிற இடத்துக்கு ஒரு சிறுத்தைப் புலி வந்து பழகிவிட்டது. காசிமுடைய வலத்து மாட்டைக் கழுத்தில் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விட்டது. அவன் எங்கள் வீட்டில் வந்து குழந்தை மாதிரி அழுதான். அழுது முடித்ததும், சீமைக்குத் திரும்பிப் போன ஒரு துரை எப்போதோ அவர்களுடைய வாப்பாவுக்குக் கொடுத்த பழைய ரைபிளைச் சாக்கிலிருந்து எடுத்து என் முன்னால் வைத்தான். "இதைச் சரி பண்ணித் தாங்க மச்சான். கரத்தை நிற்பாட்டுற எடத்துல ஒரு மரம் ஈக்கு. அதுல ஏறிக் குந்தி அந்தப் புலிய நானே பாத்துக்கொள்றன்."

துவக்கு என்று அதைச் சொல்வதே மரியாதைக்குத்தான். உங்களுக்கு விளங்கும்படி சொல்கிறேன். குழலின் அடியில் ஒரு சின்ன இரும்பு முளை நிற்கும். அதன் தலையில் கேப்பு என்கிற செப்புத் தொப்பியைக் கவிழ்ப்போம். விசையை இழுத்தால் குதிரை என்கிற சுத்தியல் வந்து கேப்பில் கொத்தும், நெருப்பு உள்ளே போகும், மருந்து வெடிக்கும். இந்தத் துவக்கில் குதிரையின் மூக்கு உடைந்திருந்தது. அதைத் தள்ளுகிற வில் சோர்ந்துபோயிருந்தது. மரக்கட்டை நடுவால் பிளந்து, யாரோ சணல் சுற்றியிருந்தார்கள். முளையோ அடிவாங்கி அடிவாங்கித் தலை சப்பளிந்து கிடந்தது.

நான் சும்மா இருந்திருக்கலாம். "எல்லாம் சீமையிலிருந்து அசல் சாமான் எடுத்துப் போடுறன், புலி என்ன, யானையே விழும்" என்று விட்டேன் ஒரு வீறாப்பு. ஜெமீலா அடுப்படிக்குப் போனாள். கோப்பி கொண்டு வந்து வைத்தாள். கித்துள் பனைக் கருப்பட்டியைக் கடித்துக் கடித்துக் கோப்பி குடிப்பதுதான் எங்கள் வழக்கம். அன்றைக்குக் கோப்பி மட்டும் வந்தது. கருப்பட்டி எங்கே என்று கேட்டேன்.

"என்ட தம்பி அந்த மரத்துல ஈந்து உசிரோட எறங்கி வரட்டும், பொறகு தாறன்."

சீமைக் குதிரை

என் கடைக்குப் பக்கத்துக் கடை முத்துசாமியுடையது. லாம்புக்கும் வாளிக்கும் ஈயம் பற்ற வைக்கிற மனுசன், என்னை அண்ணன் முறையில் நானா என்பார். கடல் தாண்டி வந்து கோப்பித் தோட்டத்தில் கொஞ்ச நாள் கஷ்டப்பட்டு, பிறகு டவுனுக்கு இறங்கியவர். "ஒடஞ்ச மூக்கத்தானே நானா ஒட்ட வைக்கணும், அதுக்கு எதுக்குச் சீமை?" என்று அவர் அன்றைக்கே கேட்டார். நான் கேட்கவில்லை. கொழும்புக் கடை ஒன்றுக்குச் சொல்லி அனுப்பி, குதிரை, வில், முளை மூன்றையும் சீமையிலிருந்து எடுப்பித்தேன். அது கப்பலேறி, கரை இறங்கி, மலையேறி வரும்வரை காசிம் இரவல் மாடு கட்டி ஓட்டிக்கொண்டிருந்தான். கரத்தை வரப் பிந்துகிற ஒவ்வொரு நாளும் ஜெமீலா வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்துகொண்டே இருப்பாள். நான் கருப்பட்டி இல்லாத கோப்பியைக் குடித்துக்கொண்டு கூரையைப் பார்ப்பேன்.

கடைசியில் பெட்டி வந்தது. வைக்கோலுக்குள்ளே எண்ணெய்க் கடதாசி, அதற்குள்ளே குதிரை. யா அல்லாஹ், என்ன அழகு! பக்கத்தில் ஒரு நாய், வாயில் ஒரு பறவை, எல்லாம் செதுக்கியிருந்தது. முத்துசாமியைக் கூப்பிட்டு, தொடவிடாமல் காட்டினேன். பிறகு துவக்கில் மாட்டினேன். அது கொத்தவேண்டிய இடத்தை விட்டு மற்றப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றது. திருப்பி மாட்டினேன். மறுபடியும் மற்றப் பக்கம். இரட்டைக் குழல் துவக்கில் இடது பக்கத்துக்குச் செய்த குதிரை அது. நம்முடையதோ ஒற்றைக் குழல், குதிரை வலது பக்கம். எனக்கு அழுகையே வந்துவிட்டது. முத்துசாமி குதிரையைக் கையில் வாங்கி, நாயைத் தடவிப் பார்த்து, ஆறுதலாகச் சொன்னார்:

"விடுங்க நானா. குதிரை நல்லாத்தான் இருக்கு, அதுக்கேத்த துவக்கு ஒன்னு செஞ்சிருங்க."

பளபளப்பு

அந்தக் குதிரை தந்த வெட்கத்தில் இருந்த நாளில்தான் ஹந்தானைத் தோட்டத்துத் துரையின் துவக்கும் வந்தது. அவருடைய சமையல்காரர் சுமந்து வந்தார். "தொர நல்லா சுத்தம் பண்ணச் சொன்னாரு" என்றார். இதிலாவது பேர் எடுக்கவேண்டும் என்று எனக்கு ஒரு வெறி. மணல் போட்டுத் தேய்த்தேன், சாம்பல் போட்டுத் தேய்த்தேன், தேங்காய் நார் தேய்ந்து என் நகமும் தேய்ந்தது. குழலில் மண்ணிறமாக ஏதோ படிந்திருந்தது, அதையும் விடவில்லை. அது துருவில்லை, மினுங்கக் கூடாது என்று செய்தவனே பூசியனுப்பிய பூச்சு என்பது எனக்கு ஞாபகம் வரவேயில்லை. துவக்கு வெள்ளிக் கரண்டி மாதிரி ஆகிவிட்டது. இரண்டு கிழமை கழித்துச் சமையல்காரர் திரும்பி வந்தார், தோளில் அதே துவக்கு. நான் சந்தோசத்தோடு எழும்பிக் கதிரை இழுத்துப் போட்டேன். அவர் உட்காரவில்லை.

"நானா, தொர சொல்லச் சொன்னாரு: அடுத்த மலையில நிக்கிற மானெல்லாம் இதுல மூஞ்சி பாத்து, தல சீவிக்கிட்டுத்தான் ஓடுதாம்."

யாருடைய கை

குதிரையை நானே செய்தேன். உடைந்துபோன கோப்பி மெசினின் இரும்புத் துண்டு ஒன்று முத்துசாமியிடம் கிடந்தது. அதை அராவி, மூக்கு வைத்து, பழுக்கக் காய்ச்சி எடுத்தேன். நாயும் இல்லை, பறவையும் இல்லை, ஆனால் சரியான பக்கம் பார்த்தது. பெட்டியில் வந்த சீமை வில் பொருந்தியது. சீமை முளையும் திருகுமரை சரியாகப் பிடித்து ஏறியது. கழற்றின பழைய முளை மடியில் வீடு வரைக்கும் வந்தது, முற்றத்தில் எறிந்தேன். இனிக் கட்டை. நல்ல முற்றின பலா மரம் எடுத்து, என்னிடம் இருக்கிற அளவுப் பலகையை வைத்து வெட்டி, ராவி, மெருகேற்றி, காசிமின் கையில் கொடுத்தேன்.

என் அளவுப் பலகை துரைமாருடைய துவக்குகளை வைத்து எடுத்தது. துரைமார் வாசலில் குனிந்து வருகிறவர்கள். காசிமோ எங்கள் வீட்டு வாசலில் எட்டித்தான் நாதாங்கி போடுவான். இவ்வளவு நாள் ஒரே வீட்டில் அவனோடு சோறு தின்றிருக்கிறேன், அவன் ஆள் கட்டை என்பது வெட்டும்போது என் மூளையில் ஏறவில்லை. தோளில் வைத்துக் கையை நீட்டினான், நீட்டினான், விசைக்கு இன்னும் ஒரு சாண் இருந்தது.

"மச்சான், விசைய இழுக்க இன்னொராள் வேணும். பலா மரத்துக் கயிறு மிச்சம் ஈக்கா?"

நேராக ஒரு வெடி

கட்டையை வெட்டிக் குறைத்தேன். இனி முதல் வெடி. கயிறு வேலையெல்லாம் இந்தத் துவக்கில் ஆகாது, சொந்தத் தோளில் வைத்துத்தான் சுடவேண்டும் என்று ஜெமீலா சொல்லிவிட்டாள். துவக்கு வீட்டுக்கு வந்தது. பின்வளவில் நின்று, மண்மேட்டுக்கு நேரே பிடித்து, பிஸ்மி சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டேன் என்பதை யாரும் கவனிக்கவில்லை. இழுத்தேன். மூக்கு இருந்தது, காது இருந்தது, துவக்கும் இருந்தது. பக்கத்து வீட்டுக் கோழிகள் மட்டும் வேலி பாய்ந்து போய்விட்டன.

எனக்கு வந்த பெருமையைச் சொல்லி முடியாது. காசிம் ஓடி வந்து கட்டிப்பிடித்தான். நாளைக்கே அந்த மரத்தில் ஏறப்போகிறேன் என்றான். "பாத்தீங்களா சீமைச் சாமானுட வேலைய?" என்று அடுப்படி வாசலைப் பார்த்துக் கேட்டேன். ஜெமீலா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். அவள் என்னைப் பார்க்கவில்லை, துவக்கைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவன் சுடப்போறது மரத்துல ஈந்து கீழ. நீங்க எதுக்கு நேர சுட்டீங்க?"

மரத்துக்கு மேலே

கேட்டது சரிதான், தோழர்களே. துரைமார் தரையில் நின்று சுடுகிறவர்கள், நாங்களும் நேராகவே சுட்டுப் பார்த்துக் கொடுத்துப் பழகினவர்கள். துவக்கின் வாய் கீழே பார்த்தால் என்ன நடக்கும் என்று யோசிக்கும் தேவை எனக்கு வந்ததேயில்லை. "சரி, காசிம் ஏறிப் பார்க்கட்டும்" என்றேன். "நீங்க ஏறுங்க" என்றாள். எனக்கு உயரமும் பயம் என்பதை முதலிலேயே சொல்லாமல் விட்டேன், மன்னிக்கவேண்டும். ஒரேயடியாக எல்லாவற்றையும் சொல்லக் கூச்சமாக இருந்தது.

ஏணி வைத்து வளவுப் பலா மரத்தில் ஏறினேன். ஒரு கிளைக் கவரில் குந்தி, கண்ணை மூடிக்கொண்டு கையை நீட்ட, காசிம் துவக்கைத் தந்தான். மருந்து போடவில்லை, கேப்பு மட்டும் வைத்து வாயைக் கீழே திருப்பினேன். 'டிக்' என்று ஒரு சின்னச் சத்தம். கேப்பு கழன்று ஜெமீலாவின் காலடியில் விழுந்தது. இன்னொன்று வைத்தேன், அதுவும் விழுந்தது. இன்னொன்று, அதுவும். சீமை முளையின் தலை மெல்லிசு, கண்டிக் கடைகளில் விற்கிற கேப்போ கொஞ்சம் பெரிசு. நேராகப் பிடித்தால் சும்மா குந்தியிருக்கும், சாய்த்தால் போய்விடும். யாரும் சிரிக்கவில்லை. இதே துவக்கோடு நாளைக்கு அவன் மரத்தில் இருந்திருப்பான், கீழே புலி நின்றிருக்கும், இவன் விசையை இழுத்திருப்பான், இரும்பில் இரும்பு பட்டு 'டக்' என்று ஒரு சத்தம் மட்டும் கேட்டிருக்கும். புலிக்கு மரம் ஏறத் தெரியும். கிளையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். உயரத்துக்காக இல்லை. பிள்ளையை என் கையாலேயே கொல்லப் பார்த்தேனே என்றுதான்.

ஜெமீலா உள்ளே போனாள். சுண்ணாம்பு டப்பியோடு வந்தாள். அதற்குள்ளே பழைய முளை. "வாப்பாட துவக்குச் சாமான், எறிய மனசு வரல்ல" என்றாள். இறங்கி வந்து அதையே திரும்பப் பூட்டினேன். கேப்பை வைத்து அழுத்தினேன். அடிவாங்கிச் சப்பளிந்து பரந்த தலை, கேப்பு இறுக்கமாக உட்கார்ந்தது. கீழே திருப்பினேன், குலுக்கினேன், தட்டினேன், அசையவில்லை. மருந்தும் குண்டும் போட்டு மறுபடியும் மரத்தில் ஏறினேன். இந்த முறை கண்ணை மூடவில்லை. வெடி வெடித்தது. குண்டு மண்ணில் இறங்கியது. நானும் ஒரு கவர் கீழே இறங்கினேன், வேண்டுமென்று இல்லை. இடுப்பில் கட்டின சாரன் மட்டும் பழைய கவரிலேயே தங்கிவிட்டது. ஜெமீலா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். காசிம் மேலே பார்த்துச் சொன்னான்:

"துவக்குல எல்லாம் இறுக்கமா ஈக்கு மச்சான். சாரனத்தான் இன்னும் கொஞ்சம் இறுக்கிக் கட்டுங்க."

கருப்பட்டி

காசிம் போன பிறகு எனக்கு வேலை ஓடவில்லை. ஒரு கட்டையில் துளை போடப் போய் மேசையில் துளை போட்டேன். முத்துசாமிகூட அன்றைக்கு ஒரு பகிடியும் விடவில்லை, தன் வீட்டுச் சோற்றுப் பொதியைத் திறந்து என் பக்கம் தள்ளி வைத்தார். நான் சாப்பிடவில்லை. வீட்டுக்குப் போனால் ஜெமீலா தொழுகைப் பாயிலேயே இருந்தாள். நானும் பக்கத்தில் குந்திக்கொண்டேன். 

மறு நாள் காலையில் மாட்டு மணிச் சத்தம் கேட்டது. அவளுக்கு முன்னால் நான் ஓடினேன். காசிம்தான், முழுசாக. தாடையில் ஒரு கறுப்புக் காயம், அது என் பலாக்கட்டை உதைத்த காயம். கரத்தையின் பின்னால் சாக்குப் போட்டு மூடியிருந்ததை விலக்கிக் காட்டினான். மஞ்சளும் கறுப்புமாகத் தோல். "பொழுது சாய, மஃரிபுக்கு முந்தி வந்திச்சு மச்சான், நேர மரத்தடியில வந்து நிண்டு மேல பாத்திச்சு. ஒரே வெடி" என்றான். ஜெமீலா அவனுடைய தலையைப் பிடித்துத் தன் தோளில் வைத்துக்கொண்டு சத்தமாக அழுதாள். நானும் அழுதேன், புகை கண்ணில் பட்டது என்று சொல்ல அங்கே அடுப்பும் இல்லை.

பிறகு காசிம் சொன்னான், ஹேவாஹெட்டத் தோட்டத்துத் துரை ஒருவர் புலியைப் பார்க்க வந்தாராம். துவக்கை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாராம். கட்டை நல்லதாம், வில் நல்லதாம், குதிரைகூட பரவாயில்லையாம். கடைசியில் முளையைக் கண்டு முகத்தைச் சுளித்து, "எல்லாத்தையும் மாத்தினவன் இந்தத் தேஞ்ச சாமானை மட்டும் அப்படியே விட்டிருக்கான், சரியான சோம்பேறி பாஸ்" என்றாராம். எனக்குச் சுருக்கென்றது. ஜெமீலா கோப்பி கொண்டு வந்தாள். பக்கத்தில் கருப்பட்டி, துண்டு இல்லை, ஒரு முழு வட்டு. அதை என் முன்னால் வைத்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்:

"அந்தத் தொரைட துவக்கு வந்தாலும் மரத்துல ஏறிச் சுட்டுப் பாத்துத்தான் குடுக்கணும், சொல்லிப்போட்டன்."

ஆகவே கூட்டாளிகளே, துவக்குத் திருத்தப் போய் நான் ஒழுங்காகப் படித்தது மரம் ஏறுவது ஒன்றைத்தான், அதிலும் இறங்குவதற்கு இன்றைக்கும் யாராவது ஏணி பிடிக்கவேண்டும்.